நாக்கின் கனம்

மேப்பிள் கிரீக்,
மே 8

அன்புள்ள டெல்பர்ட் அண்ணனுக்கு,

வெர்னா எழுதுகிறேன். நானும் ஆர்னியும் சுகம். உன் காது எப்படி இருக்கிறது, அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் நீ "ஆங்? ஆங்?" என்று கத்துவாய், பதிலுக்கு நான் கத்துவேன், கடைசியில் இரண்டு பேருக்கும் தொண்டை கட்டுவதுதான் மிச்சம். அதனால் கடிதம்.

கட்டில், கழிப்பறை எல்லாம் உள்ள உன் ட்ரெய்லர் நல்லபடியாக வந்து சேர்ந்தது. உன் பக்கத்துப் பண்ணைக்காரர் தன் பெரிய லாரியில் இழுத்துவந்து வாசலில் விட்டுப் போனார். நீயே கொண்டுவருவாய் என்று வறுத்த கோழி எல்லாம் செய்து வைத்திருந்தேன். அவர் தின்றுவிட்டுப் போனார்.

இவ்வளவு பெரிய பொருளைத் தங்கைக்குச் சும்மா தூக்கிக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பல்லைப் பார்க்கவில்லை அண்ணா. மாடு போட்டு வைத்திருந்த சாணியைத்தான் பார்த்தேன். கழிவுத் தொட்டியைக் காலி செய்யாமலா அனுப்புவாய்? போன இலையுதிர் காலத்தில் நீங்கள் இரண்டு பேரும் போனது எல்லாம் அதிலேயே கிடந்து, குளிர்காலம் முழுக்க உறைந்து, மே மாத வெயிலில் இளகி இருந்தது. கதவைத் திறந்ததும் வந்த நாற்றத்தில் காலையில் தின்ற ரொட்டி தொண்டைக்கு ஏறிவிட்டது. சீ! சொந்த அண்ணனுடையது என்பதால் நாற்றம் குறைந்துவிடுமா? ஆர்னிதான் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஊரில் கழிவு கொட்டும் இடத்துக்கு இழுத்துப்போய்ச் சுத்தம் செய்தார். எலிப்புழுக்கை இன்னும் கூட்டிக்கொண்டே இருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பிக்கப் வண்டி பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை. ட்ரெய்லரை மாட்டினால் பின்பக்கம் குந்திவிடும் என்று ஆர்னி பயந்தார். ஒரு விரல்கூட இறங்கவில்லை. அவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்கிறான் அதைச் செய்தவன். செப்டம்பர் கடைசியில் மலை தாண்டி கம்லூப்ஸில் இருக்கும் மகள் கிளெண்டாவிடம் போகலாம் என்றிருக்கிறோம். அக்டோபரில் அவளுக்குப் பிரசவம். மாப்பிள்ளை வீட்டுக்குள் படுத்துக் குறட்டை கேட்பதைவிட, அவர் முற்றத்தில் எங்கள் ட்ரெய்லரில் படுக்கலாம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் தங்கை,
வெர்னா


டேபர்,
மே 23

அன்புத் தங்கை வெர்னாவுக்கு,

இங்கே சுகம். காது அப்படியேதான். இர்மாவுக்கு முழங்கால்தான் தொந்தரவு. படி ஏற முடியவில்லை. அதனால்தான் ட்ரெய்லர் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

தொட்டி விஷயம் மறதி. மன்னித்துக்கொள். ஆர்னியிடமும் சொல்.

ஆரம்பத்தில் மெதுவாகப் போங்கள். வேகம் எண்பதைத் தாண்ட வேண்டாம். உங்கள் சாமான்களை முன்பக்கமே வையுங்கள். பின்கட்டிலுக்கு அடியில் பலகை வைத்து ஆணி அடித்திருக்கிறேன், எலி நுழையாமல் இருக்க. அதைப் பிரிக்க வேண்டாம். காற்றடிக்கும் நாளில் கிளம்ப வேண்டாம். மலையைத் தாண்ட வேறு வழியும் இருக்கிறது, விமானம் இப்போது மலிவுதான்.

பீட்ரூட் விதைத்தாகிவிட்டது. மழை வேண்டும்.

அண்ணன்,
டெல்பர்ட்


மேப்பிள் கிரீக்,
ஜூன் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் கசந்து கிடக்கிறது. அண்ணிக்கு மஞ்சள் களிம்பு ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன், முழங்காலில் தேய்க்கச் சொல்.

போன வாரம் முதல்முறையாக ஏரிக்குப் போனோம். அறுபது கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் ஏறி எண்பதைத் தொட்டபோது எதிரே ஒரு பெரிய லாரி கடந்தது. அவ்வளவுதான். ட்ரெய்லர் நாய் வாலாட்டுவதுபோல ஆட ஆரம்பித்தது. வாலாட்டினால் பரவாயில்லை, நாயையே சேர்த்து ஆட்டியது. பிக்கப்பின் பின்பக்கம் இடப்பக்கம் போகிறது, வலப்பக்கம் போகிறது. அலமாரி திறந்து தட்டுகள் உடையும் சத்தம் முன்னால்வரை கேட்டது.

"ஏய்யா, ஸ்டியரிங்கைப் பிடிச்சுத்தான் ஓட்டுறியா?" என்று கத்தினேன்.

"பிடிச்சுத்தான்டி இருக்கேன்! நான் எங்க ஓட்டுறேன், அதுதான் என்னை ஓட்டுது!"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

அவர் பிரேக்கைத் தொடாமல், ஆக்ஸிலேட்டரை மட்டும் விட்டு, ஒருவழியாகச் சரளைக்கல் ஓரத்தில் நிறுத்தினார். இறங்கிப் பார்த்தால் அவர் கை நடுங்குகிறது. முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டிய கை. பனிப்புயலில்கூட ஒரு பிள்ளைக்குக் கீறல் பட்டதில்லை என்று ஊரே சொல்லும் கை. பார்க்க எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை, வெறுப்பாக இருந்தது. பிறகு ஏரிக்கரை முகாமுக்குப் போகும்வரை ஐம்பதில் போனோம். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்து விரலைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

முகாமில் பக்கத்து இடத்துக்காரர் வால்ட்டர் என்று ஒருவர். சட்டை இல்லை. தொப்பையில் மீன் செதில் ஒட்டியிருக்கிறது. புகையிலையை மென்று காப்பிக் குவளையில் துப்பிக்கொண்டே வந்தார். "யம்மா, ட்ரெய்லரோட நாக்குல கனம் இருக்கான்னு பாத்தீங்களா? நாக்கு லேசா இருந்தா வால் ஆடத்தான் செய்யும். எடை போடுங்க" என்றார். ட்ரெய்லர் முன்னால் நீட்டி பிக்கப்பில் மாட்டுகிற இரும்பைத்தான் இங்கே எல்லோரும் நாக்கு என்கிறார்கள். ஆர்னி கேட்கத் தொடங்கினார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துவந்துவிட்டேன். அந்தக் குவளையை இன்னொரு நிமிஷம் பார்த்திருந்தால் நான் அங்கேயே கக்கியிருப்பேன். அதோடு, நீ சொன்னபடி சாமான் எல்லாம் முன்பக்கம்தான் வைத்திருக்கிறோமே!

இப்போது நேராகக் கேட்கிறேன். உனக்கு இப்படி ஆடியதா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. உனக்கு ஆடவில்லை என்றால் கோளாறு ஓட்டுகிறவரிடம்தான்.

தங்கை,
வெர்னா


டேபர்,
ஜூலை 14

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதமும் களிம்பும் கிடைத்தன. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆலங்கட்டி மழையில் கனோலாப் பயிர் பாதி படுத்துவிட்டது. காப்பீட்டுக்காரர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள்.

எந்த ட்ரெய்லரும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். உங்கள் பக்கம் காற்று அதிகம். டயர்களில் காற்றைப் பார்க்கச் சொல். ஆர்னி கெட்டிக்காரர், பழகிக்கொள்வார்.

ஆர்னி எப்படி இருக்கிறார்? கை நடுக்கம் நின்றதா?

இர்மா தக்காளி ஊறுகாய் போடுகிறாள்.

டெல்பர்ட்


மேப்பிள் கிரீக்,
ஜூலை 30

அண்ணனுக்கு,

நலம் என்று எழுதிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், எழுதிவிட்டேன்.

ஒரு வார்த்தை கேட்டேன், ஆலங்கட்டி மழையைப் பற்றி ஒரு பத்தி எழுதினாய். போகட்டும். டயருக்குக் காற்று அடித்தோம். காற்றில்லாத நாளாகப் பார்த்துக் கிளம்பினோம். அறுபதிலேயே ஆடியது.

ஆர்னி கண் மருத்துவரிடம் போனார். கண் சரி. ஊர் மருத்துவரிடம் போனார், மூட்டையும் நரம்பையும் தட்டிப் பார்த்து, "உங்க வயசுக்கு என்ன வேணுமோ அதெல்லாம் இருக்கு" என்று அனுப்பிவிட்டார். ஆனாலும் இப்போது காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறார். அதைப் பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது கழிவு கொட்டும் இடத்தில் பத்து வண்டி வரிசை. அவர் குழாயைச் சரியாகத் திருகாமல் அடைப்பானை இழுத்துவிட்டார். குழாய் கழன்றது. அண்ணா, எப்படிச் சொல்வேன்! என் செருப்பு, அவர் கால்சட்டை, சிமெண்டுத் தரை, எல்லாம். பத்து வண்டி ஜனமும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்கள். ஒரு குழந்தை கைதட்டிச் சிரித்தது. அவர் அப்படியே நின்றார், கையைத் தொங்கவிட்டு. நான் ஏதோ சொன்னேன். செருப்பை அங்கேயே குப்பையில் எறிந்துவிட்டு வெறுங்காலோடு வீடு வந்தேன்.

அன்று முதல் அவர் ட்ரெய்லர் பக்கம் போவதில்லை. செப்டம்பரில் பள்ளி திறக்கிறது. பேருந்தை எடுப்பாரா என்று கேட்டால் ஜன்னலைப் பார்க்கிறார்.

உனக்கு ஆடியதா, இல்லையா?

வெர்னா


டேபர்,
ஆகஸ்ட் 12

வெர்னாவுக்கு,

இர்மா எழுதுகிறேன். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும். டெல்பர்ட்டுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்காருகிறார், கிழிக்கிறார், உட்காருகிறார், கிழிக்கிறார். குப்பைக்கூடை நிறைந்துவிட்டது. அவர் சொல்ல வேண்டியதை நான் சொல்ல மாட்டேன். முப்பத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷனை என்னால் அப்படித் தலைகுனிய நிறுத்த முடியாது.

ஒன்று மட்டும் எழுதுகிறேன். களிம்புக்கு நன்றி. நான் அதைத் திறக்கவில்லை. என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை, என்றைக்கும் இருந்ததில்லை.

இர்மா


மேப்பிள் கிரீக்,
ஆகஸ்ட் 27

டெல்பர்ட்டுக்கு,

அண்ணியின் முழங்கால் நன்றாக இருக்கிறதாம். சந்தோஷம். அப்படியென்றால் அவள் ஏன் ட்ரெய்லரில் ஏற மாட்டேன் என்கிறாள்? நீ ஏன் அதை நீயே இழுத்துவராமல் பக்கத்துப் பண்ணைக்காரர் தலையில் கட்டினாய்?

உனக்கு ஒரு செய்தி. நேற்று ஆர்னி பள்ளி அலுவலகத்துக்குப் போய்ப் பேருந்துச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். "என் கை மேல எனக்கு நம்பிக்கை போச்சு. ஊரான் பிள்ளைங்களை நான் ஏத்த மாட்டேன்" என்றாராம். அங்கே இருந்த பெண் எனக்குப் போன் செய்து அழுதாள். வீட்டுக்கு வந்தவர் தொப்பியைக் கழற்றாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

கிளெண்டாவுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. செப்டம்பர் இருபத்தைந்தாம் தேதி கிளம்புகிறேன். ஆர்னி ஓட்டவில்லை என்றால் நான் ஓட்டுவேன். மலையாவது, மண்ணாவது. எண்பது வயதுக் கிழவிகள் எல்லாம் இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

வெர்னா


டேபர்,
செப்டம்பர் 11

வெர்னா,

போகாதே. பின்கட்டிலுக்கு அடியில் அடித்திருக்கும் பலகையைப் பிரித்துப் பார். அதைப் பிரிக்க ஆர்னியிடம் சொல்லாதே. நீயே பிரி.

டெல்பர்ட்


மேப்பிள் கிரீக்,
செப்டம்பர் 13

டெல்பர்ட்டுக்கு,

இந்த முறை யாரும் சுகமா என்று கேட்கப்போவதில்லை.

மூன்று நாளாகப் பின்கட்டில் பக்கம் ஒரு நாற்றம். எலி செத்திருக்கும் என்று நினைத்தேன். நேற்று காலையில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் உன் பலகையைப் பெயர்த்தேன். எலி செத்துத்தான் இருந்தது. குடும்பத்தோடு. புழு நெளிந்தது. மூக்கை மூடிக்கொண்டு அதை வாரி எடுத்தபோது கை ஒரு இரும்பில் இடித்தது.

டிராக்டருக்கு முன்னால் தொங்கவிடுகிற எடைகள். இரண்டு. ஒவ்வொன்றும் நாற்பத்தைந்து கிலோ. பச்சைப் பெயிண்ட். டிராக்டர் முன்பக்கம் தூக்கினால் முன்னால் இரும்பை மாட்டுவோம், சின்ன வயதிலிருந்து நீயும் நானும் பார்த்ததுதான். உன் பிக்கப் பின்னால் குந்தியது, நீ ட்ரெய்லரின் வாலில் இரும்பைப் போட்டாய். அப்படித்தானே? டிராக்டர் புத்தி! வாலில் தொண்ணூறு கிலோ போட்டால் நாக்கு தூக்கிக்கொள்ளும். அதனால்தான் பிக்கப் ஒரு விரலும் இறங்கவில்லை, நானும் அதை நேர்த்தி என்று மெச்சி உனக்கே எழுதினேன். நீ அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தாய்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீ எலிப்புழுக்கையில் மறைத்தாய். நாக்கில் கனம் இல்லாதது ட்ரெய்லருக்கு மட்டும் இல்லை.

தூ என்று துப்பிவிட்டு இதோடு முடித்திருப்பேன். ஆனால் என்னிடமும் ஒரு அசிங்கம் இருக்கிறது. அன்று குழாய் கழன்றபோது நான் ஏதோ சொன்னேன் என்று எழுதினேன் இல்லையா? என்ன சொன்னேன் என்று எழுதவில்லை. பத்து வண்டி ஜனத்துக்கு முன்னால், கழிவில் நின்றுகொண்டிருந்த மனுஷனைப் பார்த்து, "இந்தக் கையை வச்சுக்கிட்டு முப்பத்தொரு வருஷமா ஊர்ப் பிள்ளைங்களை எப்படித்தான் உசுரோட கொண்டுபோய்ச் சேத்தியோ" என்றேன். சாவியை மேஜையில் வைத்தது அவர் கை. வைக்கச் சொன்னது என் வாய். வால்ட்டர் என்கிற அந்த மனுஷன் ஜூன் மாதமே சரியாகச் சொன்னார். எச்சில் குவளையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அருவருப்புப் பட வேண்டிய இடம் எது என்றே தெரியாமல் ஒரு கோடைக்காலத்தை ஓட்டியிருக்கிறேன்.

ஆர்னியிடம் இன்னும் சொல்லவில்லை. நான் சொன்னால் அவரைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைப்பார். "நான் இழுத்தப்ப மட்டும் ஏன் ஆடுச்சு, டெல்பர்ட் இழுத்தப்ப ஆடலியே" என்பார். ஆகவே நீ எழுது. எனக்கு இல்லை, அவருக்கு. கை அவருடையது, கோளாறு உன்னுடையது என்று உன் கையால் எழுது.

வெர்னா

செப்டம்பர் 16. தபால்பெட்டிக்குப் போனேன், உன் கடிதம் இருந்தது. ஆக, கடைசியில் சொன்னாய். நான் இரும்பைக் கண்டது பன்னிரண்டாம் தேதி, நீ எழுதியது பதினொன்றாம் தேதி. அந்த ஒரு நாளை உன் கணக்கில் நல்லதாக வைத்துக்கொள்கிறேன். அதற்கு முந்திய நாலு மாதத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.


டேபர்,
செப்டம்பர் 21

ஆர்னி மச்சானுக்கு,

நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

உங்கள் கையில் ஒரு கோளாறும் இல்லை. இதை முதலில் எழுதிவிட்டேன், மிச்சத்தைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

ட்ரெய்லரை வாங்கிய புதிதில், அதை மாட்டினால் என் பிக்கப் பின்னால் குந்தும். காப்பிக் கடையில் சிரிப்பார்கள். "டெல்பர்ட், உன் வண்டி பொட்டை நாய் மூத்திரம் போற மாதிரி குந்திக்கிட்டுப் போகுதே" என்றான் ஒருவன். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். அன்று மாலையே பழைய டிராக்டரின் இரும்பைக் கழற்றி வாலில் போட்டேன். வண்டி குந்தாமல் சமமாக நின்றது. மறுநாள் கடை வாசலில் வேண்டுமென்றே சுற்றிச் சுற்றி ஓட்டிக் காட்டினேன்.

போன செப்டம்பரில் மலையிலிருந்து இறங்கும்போது ஆட ஆரம்பித்தது. நான் பயந்து பிரேக்கை மிதித்தேன். நீங்கள் மிதிக்கவில்லை என்று வெர்னா எழுதியிருந்தாள். அதைப் படித்தபோதே நீங்கள் யார், நான் யார் என்று தெரிந்துவிட்டது. எங்கள் வண்டி சாலைக்குக் குறுக்கே திரும்பி, பாறைச் சுவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. இர்மா இறங்கி நடக்க ஆரம்பித்தாள். எட்டு கிலோமீட்டர் நடந்தாள். நான் பின்னாலேயே ஊர்ந்தேன். கண்ணாடியை இறக்கி, "ஏறும்மா, ஏறும்மா" என்றேன். அவள் திரும்பியே பார்க்கவில்லை. வேறு யாருடைய வண்டியிலோ ஏறிப்போய் அங்கிருந்து பஸ்ஸில் வீடு சேர்ந்தாள்.

தப்பு இரும்பில் என்று அன்றைக்கே விளங்கிவிட்டது. எடுத்திருக்கலாம். அதற்கு அந்த ட்ரெய்லருக்குள் போக வேண்டும். வீட்டுக்கு வந்து நிறுத்திய பிறகு நான் அதன் கதவைத் தொடவே இல்லை. தொட்டியைக் காலி செய்யாதது மறதி இல்லை, மச்சான். நாறட்டும் என்று விட்டேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் என்மேலேயே எனக்குக் குமட்டியது. கண்ணில் படாமல் போனால் போதும் என்று தங்கைக்குக் கொடுத்தேன். கொடை என்று அவள் நினைத்தாள்.

இன்னும் ஒன்றை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். உங்களுக்கும் ஆடுகிறது என்று ஜூனில் வெர்னா எழுதியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. முப்பத்தொரு வருஷம் ஓட்டியவருக்கே ஆடுகிறது, அப்படியென்றால் நான் மட்டும் முட்டாள் இல்லை என்று. ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன். உங்கள் கை நடுங்குவதைக் கேட்டுத் தூங்கியிருக்கிறேன்.

பள்ளிக்கு நான் கடிதம் எழுதட்டுமா? எழுதித் தருகிறேன். என்ன சொன்னாலும் செய்கிறேன்.

டெல்பர்ட்


மேப்பிள் கிரீக்,
அக்டோபர் 5

டெல்பர்ட் மச்சானுக்கு,

இங்கே சுகம். அங்கே சுகம்தானே. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. வெர்னா பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்க்கிறாள். ஒரு வாரமாக அவள் அதிகம் பேசுவதில்லை. வீடு எனக்குப் புதிதாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலை எடைமேடைக்குப் போனேன், முப்பதில். அதிகாரிகள் இல்லாத நாளிலும் எண்பலகை எரியும், லாரிக்காரர்களுக்கு எல்லாம் தெரியும். நீங்கள் வைத்த இடத்திலேயே இரும்பை வைத்துப் போட்டேன். மொத்தம் ஆயிரத்து அறுநூறு கிலோ. நாக்கில் விழுந்தது எழுபத்தைந்து. பத்தில் ஒரு பங்காவது விழ வேண்டும். எழுபத்தைந்து கிலோ நாக்கோடு அதை யார் இழுத்தாலும் ஆடும். எண்ணைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.

பள்ளிக்கு நீங்கள் எழுத வேண்டாம். நானே போய்ச் சொன்னேன். என் தடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். நல்ல பெண். அவளிடமிருந்து பிடுங்க முடியாது. யாராவது வராத நாளில் ஓட்டும் மாற்று ஓட்டுநராக டிசம்பரிலிருந்து வரச் சொன்னார்கள். சரி என்றேன். முப்பத்தொரு வருஷத் தடம் போனது போனதுதான். அதை மன்னித்துவிட்டேன் என்று எழுதச் சொல்லி வெர்னா முழங்கையால் இடிக்கிறாள். இன்னும் இல்லை. வரும்போது எழுதுகிறேன்.

இருபத்தைந்தில் போக முடியாததால் இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி கம்லூப்ஸுக்குக் கிளம்புகிறோம். உங்கள் ஊர் வழியில்தான். மதியம் வருவோம். காப்பி போதும் என்று இர்மாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் இரும்பு இரண்டும் ட்ரெய்லரிலேயே வருகின்றன. முன்பக்கம், நாக்குக்குப் பக்கத்தில் கட்டியிருக்கிறேன். காரணம் இருக்கிறது. ஒரு வாரமாக நானும் வெர்னாவும் வீட்டுக் கழிப்பறைக்குப் போகவில்லை. ராத்திரி, பகல், மழை எதுவானாலும் முற்றத்தில் இறங்கி ட்ரெய்லருக்குத்தான் போனோம். வெர்னாவின் யோசனை. தொட்டி இன்று காலையில் விளிம்புவரை நிறைந்தது. அது சக்கர அச்சுக்குப் பின்னால் இருப்பதால் வால் கனக்கும், அதற்கு ஈடாக முன்னால் இரும்பு வேண்டும். மறுபடி எடை போட்டேன். நாக்கில் நூற்றெழுபது. பிக்கப்பின் கதவில் ஒட்டியிருக்கும் எடை வரம்புக்குள் எல்லாம் அடங்குகிறது. தொண்ணூறில் போய்ப் பார்த்தேன், லாரி கடந்தது, வால் அசையவில்லை. பிக்கப் பின்னால் இரண்டு விரல் குந்துகிறது. குந்தட்டும். உங்கள் காப்பிக் கடை வாசலில் ஒரு சுற்றுப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்.

முழங்கைவரை வரும் ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்கி வையுங்கள். உங்கள் அளவில் வாங்குங்கள். எனக்கு வேண்டாம். நான் வண்டி ஓட்டுகிறவன்.

ஆர்னி